ஒரு மோட்டார், ஆறு தொட்டி: நீரைச் சமமாகப் பங்கிடும் கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நீரைப் பங்கிடுவது என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குப் புதிய செய்தி அன்று. நாட்றாம்பாளையத்துக்காரர்களுக்கோ அது அன்றாடப் பேச்சு. எங்கள் ஊர்ப் பக்கத்துக் காவிரிக் கரையில் பிலிகுண்டுலு என்னும் இடத்தில்தான் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு வரும் காவிரி நீர் அங்கேதான் அளக்கப்படுகிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவும் அந்த இடத்தை வைத்தே சொல்லப்பட்டது. இவ்வளவு பெரிய பங்கீட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் எழுத வந்தது அரைக் குதிரைத் திறன்கூட வேண்டாத ஒரு சிறு மோட்டாரைப் பற்றியது. ஒரு கன அடி நீர் என்பது வினாடிக்கு 28.3 லிட்டர், என் மோட்டார்கள் 68 சேர்ந்தால்தான் அந்த ஒரு கன அடி கிடைக்கும். ஆனால் தொல்லை ஒன்றுதான்: எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேருமா?

எங்கள் வீட்டில் அலங்கார மீன் வளர்க்கிறோம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆனால் கப்பி, மோலி ஆகிய குட்டி போடும் மீன்களுக்குக் கடினநீர் ஒத்துக்கொள்கிறது. ஆகவே அம்மா மகளிர் குழுவில் கடன் பெற்று ஆறு கண்ணாடித் தொட்டிகள் வாங்கினார். வளர்ந்த மீன்களை ஓசூரில் ஒரு கடைக்குக் கொடுக்கிறோம். தமிழகத்தில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற இடம் சென்னை கொளத்தூர். அங்கே தெருத் தெருவாக இதையே செய்கிறார்கள். எங்களுடையது அதன் முன் ஒரு துளி. ஆயினும் குழுக் கடனின் தவணை இந்தத் துளியிலிருந்துதான் போகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “பாப்பா இயற்பியல் படிக்குது, அதுக்குத் தெரியும்” என்று குழாய் அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

தொட்டி ஒவ்வொன்றும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பாமல் 50 லிட்டர் பிடிக்கும். ஆறும் சேர்ந்து 300 லிட்டர். கண்ணாடியும் நீரும் சேர்த்து 350 கிலோவுக்கு மேல் எடை. மரப் பலகை தாங்காது. நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. செங்கல் சுவர்மேல் கருங்கல் பலகை போட்டு, தொட்டிகளின் குறுகிய முகம் நம்மைப் பார்க்குமாறு ஆறையும் ஒரே வரிசையில் வைத்தோம். கீழே தரையில் ஏழாவதாக ஒரு வடிகட்டுத் தொட்டி. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வழிநீர் அதற்குள் இறங்கும். அங்கே பஞ்சும் உடைகல்லும் இருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அவற்றின்மேல் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும். தூய்மையான நீரை மோட்டார் மேலே ஏற்றும். மேலே சுவரோரம் கிடையாக ஓடும் தாய்க்குழாயிலிருந்து ஆறு கிளைக்குழாய்கள் பிரிந்து ஆறு தொட்டிக்கும் நீர் விடும். பைப் வேலை செய்பவர்கள் இந்தத் தாய்க்குழாயை ‘ஹெடர்’ என்பார்கள்.

சமமாகப் பிரியாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். நீர் குறைவாக வரும் தொட்டியில் அமோனியா தேங்கும். மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நீர் மிகுதியாக வரும் தொட்டியில் ஆண் கப்பி தன் நீண்ட வாலை இழுத்துக்கொண்டு நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டு இளைக்கும்; பிறந்த குஞ்சுகள் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். கப்பி ஈன ஏறத்தாழ நான்கு வாரம். குஞ்சு விற்கும் பருவத்துக்கு வர மேலும் சில மாதம். ஓர் ஈற்று போனால் அந்தக் காலம் முழுதும் போட்ட தீனி போயிற்று.

முதலில் எவ்வளவு நீர் வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டும். மொத்த நீரும் ஒரு மணியில் ஐந்து முறை சுற்றி வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். 300 லிட்டரை ஐந்தால் பெருக்க 1,500 லிட்டர். தொட்டிக்கு 250 லிட்டர். மோட்டார் பெட்டியின்மேல் ‘மணிக்கு 3,000 லிட்டர், உயரம் 3 மீட்டர்’ என்று அச்சிட்டிருக்கும். இவை இரண்டும் ஒருசேரக் கிடைப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. உயரமே இல்லாதபோது 3,000 லிட்டர். 3 மீட்டர் ஏற்றினால் நீர் குழாயில் நிற்கும், வெளியே வராது. இடைப்பட்ட நிலையைத் தோராயமாக ஒரு நேர்கோடாகக் கொள்ளலாம். வடிகட்டுத் தொட்டி நீர்மட்டத்திலிருந்து எங்கள் தாய்க்குழாய் 1.2 மீட்டர் உயரம். ஆகவே 1,800 லிட்டர் வரும். குழாய் உராய்வு போக 1,500. கணக்கு சரியாக அமைந்தது. மோட்டார் 50 வாட். நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. அதில் முக்கால் பங்கை இந்த ஒரு மோட்டாரே குடித்துவிடுகிறது. இதற்கும் பெரிய மோட்டார் போட்டு ‘எல்லாத் தொட்டிக்கும் தாராளமாக வரட்டும்’ என்று விடுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

இனி, நண்பர்களே, பாடத்தின் சுவையான பகுதிக்கு வருவோம்.

ஓசூரில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பைப் வேலை செய்யும் என் மாமா விடுமுறையில் வந்திருந்தார். வால்வு எதையும் மூடாமல் ஆறு கிளையும் திறந்தபடி முதலில் ஓடவிட்டு அளக்கலாம் என்றேன். மோட்டாரிலிருந்து தொலைவில் இருக்கும் ஆறாவது தொட்டிக்குத்தானே குறைவாக வரும் என்றும் சொன்னேன். ஊர்த் தெருக் குழாயில் நாம் நாளும் காண்பது அதுதான் அன்றோ? மாமா சிரித்தார்.

“அது கிலோமீட்டர் கணக்குல போற லைனு பாப்பா. இது கட்ட லைனு. நேரா ஓடி வர்ற தண்ணி மொத டீயில நிக்குமா? தாண்டிக்கினு போயிடும். கடைசியில மூடி போட்டிருக்குது பாரு, அங்க போய் முட்டிக்கினு நிக்கும். அங்கதான் வேகமா அடிக்கும்.”

ஒரு லிட்டர்க் குவளையும் கைபேசியின் நிறுத்துக் கடிகாரமும் கொண்டு அளந்தோம். ஒரு லிட்டர் நிரம்ப முதல் தொட்டிக்கு 18 வினாடி. பிறகு முறையே 17, 15, 14, 13. ஆறாவதற்கு 12½ வினாடி. மணிக் கணக்கில் முதல் தொட்டிக்கு 200 லிட்டர், கடைசித் தொட்டிக்கு 288 லிட்டர். மாமா சொன்னதே நடந்தது. அவர் பத்தாவது வரை படித்தவர். பெர்னௌலி என்ற பெயரை அவர் கேட்டதில்லை.

1738இல் வெளிவந்த ‘ஹைட்ரோடைனமிகா’ என்னும் நூலில் டேனியல் பெர்னௌலி விளக்கிய தத்துவத்தை நாம் முதலாண்டிலேயே படித்தோம். ஓடும் நீரில் வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைவு. வேகம் குறைந்த இடத்தில் அழுத்தம் மிகுதி. தேர்வில் வென்சுரிமானி, விமான இறக்கை என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அதே தத்துவம் தாய்க்குழாயில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் நீர் பிரிந்துபோவதால் மீதி நீர் குழாயில் மெதுவாக ஓடுகிறது. கடைசி மூடியருகே ஏறக்குறைய நின்றே விடுகிறது. வேகம் குறையக் குறைய அழுத்தம் ஏறுகிறது. எனவே உராய்வை மட்டும் மறந்துவிட்டால் கடைசிக் கிளைக்கே அதிக நீர் போக வேண்டும்.

உராய்வை மறக்க முடியாது. அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எது வெல்லும் என்பதை எண்களால் பார்க்கலாம். எங்கள் தாய்க்குழாய் ஒரு அங்குலம். உள்விட்டம் 25 மி.மீ. என்று கொள்வோம். மணிக்கு 1,500 லிட்டர் என்றால் வினாடிக்கு 417 கன செ.மீ.; குழாயின் வாய்ப் பரப்பு 4.9 ச.செ.மீ.; வேகம் வினாடிக்கு 85 செ.மீ. இந்த வேகத்துக்கு ஈடான நீர்த்தம்ப உயரம் 3.7 செ.மீ. குழாயின் முடிவில் திரும்பக் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய இவ்வளவு. உராய்வோ, முழு நீரும் ஓடினால் மீட்டருக்கு 3.7 செ.மீ. ஆனால் வழியெல்லாம் நீர் குறைந்துகொண்டே போவதால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இழக்கிறோம். முதல் கிளைக்கும் ஆறாம் கிளைக்கும் இடையே 1.5 மீட்டர், இழப்பு 2 செ.மீ. வரவு 3.7, செலவு 2. கடைசித் தொட்டி வெல்கிறது.

இதே குழாய் 3 மீட்டர் நீளமாக இருந்திருந்தால் வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியிருக்கும். அதற்கு மேல் நீண்டால் உராய்வின் கை ஓங்கும். விட்டத்தைப்போல் சுமார் 120 மடங்கு நீளம் என்பது எல்லைக்கோடு எனலாம். ஊர்த் தெருவில் மூன்று அங்குலக் குழாய் பல நூறு மீட்டர் ஓடுகிறது. அது விட்டத்தைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் அங்கே கடைசித் தெரு காய்கிறது. இங்கே கடைசித் தொட்டி பொங்குகிறது. மாமா ‘கட்ட லைன்’ என்று ஒரே சொல்லில் முடித்ததை எழுத எனக்கு அரைப் பக்கம் பிடித்தது.

இங்கே ஒரு சிறு விலகல். நாம் ஆய்வகத்தில் நுண்குழாய் வழியே நீரை ஓடவிட்டுப் பாகியல் எண் காண்கிறோம். பாய்சொய் வாய்பாட்டில் ஆரத்தின் நான்காம் படி வரும். அதை அப்படியே வீட்டுக் குழாய்க்குப் போடலாகாது. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டியது நினைவிருக்கும். அவர் பெயரால் வழங்கும் எண் சுமார் 2,000க்குக் கீழ் இருந்தால் சீரான ஓட்டம். அதற்கு வெகுவாக மேலே போனால் சுழல் ஓட்டம். எங்கள் தாய்க்குழாயில் அந்த எண் 25,000. இந்த நிலையில் வழவழப்பான பிளாஸ்டிக் குழாயின் உராய்வு இழப்பு, அதே அளவு நீருக்கு, விட்டத்தின் 4.75ஆம் படிக்குத் தலைகீழ் விகிதம். விட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு 27இல் ஒரு பங்காகும். பாய்சொய் கணக்குப்படி 16இல் ஒரு பங்குதான். எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் “அரை இஞ்ச் போதும்மா” என்றால் கேட்கக் கூடாது. அரை அங்குலத் தாய்க்குழாயில் வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். அழுத்த ஏற்றத்தாழ்வும் மோட்டாரின் சுமையும் அதற்கேற்பக் கூடும். தாய் பெரிதாகவும் கிளை சிறிதாகவும் இருப்பதே முறை.

சமன்செய்ய வழிகள் சில உண்டு. மிக எளியது, தாய்க்குழாய்க்கு நீரை ஓரத்தில் கொடுக்காமல் நடுவில் கொடுப்பது. அப்போது நீர் இரு கையாகப் பிரியும். ஒவ்வொரு கையிலும் வேகம் பாதி. எனவே அழுத்த மீட்பு கால் பங்காகிவிடும், அதாவது 3.7 செ.மீ. என்பது 0.9 ஆகும். இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கினாலும் இதே பயன். இடம் இருப்பவர்கள் இதைச் செய்வது நன்று. எங்கள் வீட்டில் நடுவில் சன்னல் இருந்ததால் ஓரத்திலிருந்துதான் கொடுக்க முடிந்தது.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கிளையிலும் வேண்டுமென்றே தடையைக் கூட்டுவது. மின்சுற்றில் பக்க இணைப்பை எண்ணிப் பாருங்கள். கிளைகளின் தடை, இணைப்புக் கம்பியின் தடையைவிட மிகப் பெரிதாக இருந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய சமமாகப் பிரியும். இங்கேயும் அப்படித்தான், ஒரு வேறுபாடு, சுழல் ஓட்டத்தில் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். தாய்க்குழாயில் ஏற்றத்தாழ்வு 5 செ.மீ. என்று வைப்போம். கிளையில் செலவாகும் அழுத்தமும் 5 செ.மீ. தான் என்றால் கடைசிக் கிளைக்கு 10 செ.மீ. கிடைக்கும், நீர் 41 விழுக்காடு மிகும். கிளையில் செலவாவது 50 செ.மீ. என்றால் 55க்கு 50. நீர் 5 விழுக்காடுதான் மிகும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சொட்டுவானுக்குள்ளும் வளைந்து நெளிந்த நுண்ணிய வழி இருக்கும். அந்தத் தடையினால்தான் முதல் செடிக்கும் கடைசிச் செடிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் சொட்டுகிறது.

கிளை முனையில் மூடி போட்டு அதில் 7 மி.மீ. துளை இட்டால் அரை மீட்டர் அழுத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 250 லிட்டர் வரும். வால்வுச் செலவு மிச்சம். ஆனால் துளையிலிருந்து நீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பீறிடும். குஞ்சுத் தொட்டிக்கு அது ஆகாது. தடை குழாயின் நடுவில் இருந்து, வாய் அகலமாக இருந்தால் நீர் அமைதியாக விழும். அதனால் வால்வையே தேர்ந்தேன். பால் வால்வு மலிவு, ஆனால் கால் திருப்பில் திறந்து மூடும். நுண்ணிய மாற்றம் செய்யக் கை நடுங்காமல் இருக்க வேண்டும். கேட் வால்வு பல சுற்று சுற்றிப் படிப்படியாக மூடும்; சமன்செய்ய அதுவே மேல். விலை கருதி ஐந்து கிளைக்குப் பால் வால்வும், குஞ்சுத் தொட்டிக்கு மட்டும் கேட் வால்வும் போட்டோம்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பைப்பை நேர்க்கோணமாக அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பசை போடாமல் முதலில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துப் பென்சிலால் குறியிட வேண்டும். டீக்கள் ஆறும் ஒரே மட்டத்தில், ஒரே திசை நோக்கி இருக்க வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் கட்டாயம். இல்லாவிட்டால் மோட்டாரைக் கழுவ வேண்டிய நாளில் குழாயை அறுக்க நேரும். ஒட்டியபின் ஒரு நாள் காயவிட்டு, வெறும் நீரை ஓட்டிக் கொட்டிவிட்டு அதன் பிறகே மீன் விட வேண்டும். தாய்க்குழாயின் கடைசி முனையை மூடியால் அடைப்பதைவிட ஒரு வால்வு வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை வடிகட்டுத் தொட்டிக்கே இறக்கிவிடுவது அறிவுடைமை. எல்லாத் தொட்டிக்கும் ஒருசேர நீரைக் குறைக்க வேண்டுமானால் இதைச் சற்றுத் திறந்தால் போதும். மோட்டார் நீர் உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் நெருக்கக் கூடாது.

சமன்செய்யும்போது எல்லா வால்வையும் முழுதாகத் திறந்து அளக்க வேண்டும். எது மிகக் குறைவாகப் பெறுகிறதோ அதைத் தொடவே கூடாது. எங்களுக்கு அது முதல் தொட்டி. மிகுதியாகப் பெறும் ஆறாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நெருக்கினோம். ஒன்றை நெருக்கினால் மற்ற ஐந்துக்கும் நீர் கூடுகிறது. ஆகவே ஒரு சுற்றில் முடியாது. முதல் சுற்றில் பாதி திருத்தம், இரண்டாம் சுற்றில் மீதி, மூன்றாம் சுற்றில் சில்லறை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த ஹார்டி கிராஸ் 1936இல் குழாய் வலைகளுக்குக் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார். அதுவும் இப்படித்தான்: ஒரு அளவை ஊகித்து, பிழையைக் கண்டு, திருத்தி, மீண்டும் பிழை கண்டு திருத்துவது. அவர் தாளில் செய்ததை நாங்கள் குவளையை வைத்துக்கொண்டு செய்தோம். மூன்றாம் சுற்றின் முடிவில் ஆறு தொட்டிக்கும் லிட்டருக்கு 15 முதல் 16 வினாடி. மொத்த நீர் 1,470இலிருந்து 1,390க்கு இறங்கியது. சமத்துவத்துக்குக் கொடுத்த விலை மணிக்கு 80 லிட்டர். அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. வால்வுப் பிடி நின்ற இடங்களில் அம்மாவின் நகச் சாயத்தால் கோடு போட்டு வைத்தோம்.

தொட்டிகளை மேலும் கீழுமாக இரு அடுக்கில் வைப்பவர்களுக்கு ஒரு சொல். அடுக்குக்கிடையே 45 செ.மீ. இருந்தால் கீழடுக்குக்கு அவ்வளவு அழுத்தம் கூடுதலாகக் கிடைக்கும். மேலே நாம் கண்ட இரண்டு மூன்று செ.மீ. எல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை. அடுக்குக்கு ஒரு தாய்க்குழாயும், ஒவ்வொரு தாய்க்கும் தனி வால்வும் வைக்க வேண்டும்.

மின்வெட்டை மறந்து எந்த ஏற்பாடும் செய்யலாகாது. மோட்டார் நின்றதும் கிளையின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் வடிகுழாய்த் தத்துவப்படி தொட்டி நீர் பின்னோக்கி இறங்கும். ஆறு தொட்டியிலும் ஓர் அங்குலம் இறங்கினால் 28 லிட்டர். வடிகட்டுத் தொட்டியில் அவ்வளவு இடம் வெறுமையாக இல்லாவிட்டால் வீட்டுக்குள் வெள்ளம். கிளையின் வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கலாம். அல்லது மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிளையில் ஒரு சிறு துளை இடலாம். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறும். அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். வழிநீர்க் குழாயும் நீர் வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வரவுக்கு மோட்டார் தள்ளுகிறது. செலவுக்குத் தள்ள ஆளில்லை, புவியீர்ப்பு ஒன்றுதான்.

இந்த அமைப்பில் ஒரு குறையும் உண்டு. ஆறு தொட்டிக்கும் ஒரே நீர் என்பதால் ஒரு மீனுக்கு நோய் வந்தால் ஆறுக்கும் பரவும். ஆதலால் புதிதாக வாங்கும் மீன்களை இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்கிறோம். அந்தத் தனித் தொட்டிக்கு இந்தத் தாய்க்குழாயிலிருந்து கிளை கிடையாது.

மாதம் ஒருமுறை குவளையை எடுத்து மீண்டும் அளக்கிறேன். கிளைகளின் உட்புறம் பாசியும் வழவழப்பும் படியும். எங்கள் நீரில் சுண்ணாம்பும் படிகிறது. கடந்த முறை மூன்றாவது தொட்டிக்கு 19 வினாடி காட்டியது. வால்வைத் திறக்காமல் முதலில் கிளையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். 15½ வினாடிக்குத் திரும்பியது.